கெடு வைத்த ராஜினாமா

உட்காருங்கள் தோழர், தாராளமாக உட்காருங்கள். இந்தப் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். கனமெல்லாம் இல்லை, சுவர்க் கடிகாரம்தான். தோழர் என்று கூப்பிட்டது ஒரு மாதிரியாக இருக்கிறதோ? நாக்கு அப்படியே பழகிவிட்டது. எங்கள் ஊர் டாக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருக்கு அது பிடிக்காது. ஊசி குத்தும்போது தெரியும்.

கடிகாரம் யார் கொடுத்தது என்று கேட்டீர்களே, கம்பெனி கொடுத்தது. எதற்கு? ராஜினாமா செய்ததற்கு. ஒரு கம்பெனியின் டைரக்டர் பதவியை இன்றைக்கு மத்தியானம் கோயமுத்தூரில் ராஜினாமா செய்துவிட்டு, டவுன் பஸ் பிடித்து, உக்கடம் பஸ் ஸ்டாண்டு வந்து, இப்போது இந்தப் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் சட்டையைப் பார்க்காதீர்கள். டைரக்டர் என்றால் கோட்டுப் போட்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் விசாரித்துவிட்டேன்.

என் பெயர் ஆறுச்சாமி. பொன்வடிவு ஸ்பின்னிங் மில். உடுமலை ரோட்டில் போனால் இடது கைப்பக்கம் வரும். அங்கே சங்கத்தில் முப்பத்தெட்டு வருஷம். படிப்பு எட்டாவது. மீதியெல்லாம் நோட்டீஸ். மற்ற பையன்கள் கல்லூரியில் படித்தபோது நான் மில் கேட்டில் கொடுக்கிற நோட்டீஸைப் படித்தேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு. பிரஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக் கோர்ப்பார். 'ஆறுச்சாமி நோட்டீஸ்தானே, கடைசிப் பத்தி எனக்கே தெரியும்' என்பார். கடைசிப் பத்தியில் கோரிக்கை. கோரிக்கைக்குக் கீழே கெடு. இத்தனை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் என்று ஒரு வார்த்தை. அந்த 'இல்லையேல்' மட்டும் பெரிய எழுத்து.

அப்பேர்ப்பட்டவன் எப்படி டைரக்டர் ஆனேன் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஸ்டிரைக். அது முடிகிறபோது ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: சங்கம் சொல்கிற ஓர் ஆளுக்குக் கம்பெனி போர்டில் ஒரு நாற்காலி. நாங்கள் கேட்டது நாற்பது விஷயம். அவர்கள் யோசிக்காமல் கொடுத்தது அது ஒன்றுதான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சங்கம் என் பெயரைச் சொன்னது. நானும் என் பெயரைத்தான் சொன்னேன்.

முதல் நாள் கார் அனுப்பினார்கள். நான் ஏறவில்லை, பஸ்ஸில்தான் போவேன் என்றேன். இரண்டாவது மீட்டிங்குக்கு மழை. ஏறினேன். அப்புறம் மழை நிற்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டு ரூமில் ஒரு தட்டில் முந்திரி வைப்பார்கள். வறுத்தது, மிளகு போட்டது. நான் அங்கே ஒன்றையும் வாயில் வைத்ததில்லை. கொள்கை. கொஞ்சம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன், முதலாளிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று வீட்டுக்காரி மயிலாத்தாளுக்குக் காட்டுவதற்காக. அவளும் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மில்லில் இதையெல்லாம் பொறுப்பார்களா? வைண்டிங்கில் சாந்தாமணி என்று ஒருத்தி. வைண்டிங் தெரியுமா தோழர்? ஸ்பின்னிங்கில் நூல் சின்னச் சின்ன பாபினில் வரும். அதைக் கூம்பு மாதிரி இருக்கிற கோனில் சுற்றுகிற பிரிவு. நூற்று நாற்பது பேர், அத்தனையும் பெண்கள். அவர்களுக்கு இந்தச் சாந்தாமணிதான் வாய். என்னைக் கண்டால், "டைரக்டர் அண்ணா, அடுத்த படம் எப்பங்க ரிலீஸு?" என்பாள். நூற்று நாற்பது பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன். தலைவன் என்றால் அதையெல்லாம் அனுமதிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆவணியில் ஒரு மீட்டிங். சேர்மன் விஜயரங்கம் ஒரு காகிதத்தைப் படித்தார். வைண்டிங் பிரிவை மூடுவது. மெஷின்களை வெளி மாநிலத்தில் கட்டுகிற புது மில்லுக்குக் கொண்டுபோவது. பெண்களுக்கு, விருப்பமிருந்தால், அங்கேயே வேலை. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, புருஷன் பிள்ளைகளை விட்டுவிட்டு எவள் போவாள்? போகமாட்டார்கள் என்று தெரிந்துதான் 'விருப்பமிருந்தால்'.

நான் எழுந்தேன். நாற்பது நிமிஷம் பேசினேன் தோழர். எழுதி வைத்துக்கொள்ளாமல், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல். ஏசியில் எனக்கு மட்டும் வியர்த்தது. அடுத்த மாதம் மினிட்ஸ் வந்தது. மினிட்ஸ் என்றால் மீட்டிங்கில் நடந்ததை எழுதி வைப்பது. என் நாற்பது நிமிஷம் அதில் எப்படி இருந்தது தெரியுமா? 'உறுப்பினர் ஒருவர் தம் கருத்தைத் தெரிவித்தார்.' அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.

அன்றைக்கே கேட்டில் போய்க் கத்தியிருப்பேன். ஆனால் ஒரு சங்கடம். கம்பெனி செக்ரட்டரி என்று ஒரு பெண் இருக்கிறாள், சுகிர்தா. மார்த்தாண்டத்துக்காரி, முப்பது வயசு இருக்கும், சட்டமெல்லாம் விரல் நுனியில். அவள் என்னிடம் ஒரு காகிதத்தைக் காட்டினாள். நான் டைரக்டராகச் சேர்ந்த அன்றைக்குக் கையெழுத்துப் போட்டதாம். போர்டில் பேசுவதை வெளியே சொல்லமாட்டேன் என்று அதில் இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று தொழிலாளர்களிடம் ஆயிரம் தடவை சொன்னவன் நான். அன்றைக்குப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள் தோழர். கேமராவைப் பார்ப்பதா, காகிதத்தைப் பார்ப்பதா?

"அப்போ ராஜினாமா பண்ணிட்டா?" என்று கேட்டேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "பண்ணிட்டா, நீங்க ஏன் விலகினீங்கன்னு சொல்லலாம் சார். காரணத்தை எழுதி கம்பெனிப் பதிவாளருக்கே ஒரு காப்பி அனுப்பலாம். யாரும் தடுக்க முடியாது."

"அப்படிப் போடு!"

"இருங்க சார். கம்பெனியோட ரகசியம் நீங்க விலகினாலும் ரகசியம்தான். யார்கூட பேச்சு நடக்குது, என்ன விலை, எந்த மெஷின் எங்க போகுது, இதெல்லாம் வெளியே வரக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. ஆளைப் பேர் சொல்லி அவதூறு பேசக் கூடாது."

"நான் விலகற காரணமே அந்த ரகசியம்தானேம்மா?"

"அதுதான் சார் இதுல கஷ்டம்" என்றாள். "தொழிலாளருக்குப் பாதகமான ஒரு முடிவு, என் மனசு ஒப்பலை, விலகிட்டேன். இவ்வளவு தாராளமா சொல்லலாம். என்ன முடிவுன்னு கேட்டா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க."

சிரித்துவிட்டு நகர்வதாம்! நான் ஜெயிலுக்குப் போனபோதுகூட ஜீப்பின் படியில் நின்று கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஏறினேன்.

ஆனாலும் நல்ல பெண். ராஜினாமாக் கடிதம் அவளே டைப் செய்து வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. இன்ன தேதியிலிருந்து விலகுகிறேன். எனக்கு ரத்தம் கொதித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸ் எழுதியவன் ஒரு வரியில் விலகுவதா? கிழித்துப் போட்டேன். அவள் எதிரிலேயே. பிறகு குனிந்து நானே பொறுக்கினேன், பெருக்குகிற அம்மா பாவம்.

மூன்று ராத்திரி... இல்லை, பகலிலும்தான், உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். உலகத்தில் எங்கேயும் ஒரு டைரக்டர் இப்படி ராஜினாமா எழுதியிருக்கமாட்டான். ஆனால் வைண்டிங் என்ற வார்த்தையே அதில் கிடையாது. அதுதான் என் சாமர்த்தியம். அந்தக் கடிதத்தை அச்சடித்துக் கேட்டில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சட்டத்துக்கு உட்பட்டு எழுதினேன். மனசாட்சி, துரோகம், வரலாறு எல்லாம் வந்துவிட்டது. கடைசிப் பத்திக்கு வந்தேன்.

கடைசிப் பத்தி என்றால் கை தானாக ஓடும் தோழர். சைக்கிள் ஓட்டுகிற மாதிரி. ஐந்து கோரிக்கை. ஒன்று, கேன்டீனுக்கு மின்விசிறி. இரண்டு, பெண்கள் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள். மூன்று, குடிக்கக் குளிர்ந்த தண்ணீர். நாலு, போர்டு காகிதங்கள் தமிழிலும் வேண்டும். ஐந்து, டைரக்டர் பேசுவது மினிட்ஸில் முழுமையாகப் பதிவாக வேண்டும். கீழே கெடு. 'மேற்கண்ட கோரிக்கைகளைப் பதினைந்து நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையேல், இக்கடிதமே என் ராஜினாமாவாகக் கொள்ளப்படும்.'

எப்படி? உங்களுக்கே உடம்பு சிலிர்க்கிறதல்லவா?

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். சுகிர்தா முதல் பக்கம் படித்தாள், தலையாட்டினாள். கடைசிப் பக்கம் வந்ததும் புருவம் தூக்கினாள். "சார், இந்தக் கடைசி வாக்கியம் இருக்கணுமா?" என்று கேட்டாள். "அதுதாம்மா உயிர்" என்றேன். "இல்ல சார், நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தாள். மேனேஜ்மென்ட் பக்கத்து ஆள் ஒரு வரியை எடுக்கச் சொன்னால், அந்த வரி அவர்களைக் குத்துகிறது என்று அர்த்தம். நான் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் மாறுகிற நேரம். கேட் மீட்டிங். டீக்கடை பெஞ்சின் மேல் ஏறினேன். ஏறுகிறபோது கடைக்காரர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். முழங்கால்.

"தோழர்களே! டைரக்டர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு உங்கள் முன்னால் நிற்கிறேன்!"

கைதட்டல் வரவில்லை. சாந்தாமணிதான் கத்தினாள். "ஏனுங்கண்ணா, முந்திரி நின்னு போச்சுங்களா?"

சிரிப்பு. நான் விடவில்லை. "சொல்லக் கூடாத ஒரு முடிவு! என் மனசு ஒப்பாத ஒரு முடிவு! அதைச் சொல்லச் சட்டம் எனக்கு இடம் தரவில்லை. சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆகையால், அது எந்தப் பிரிவு என்று என் வாயால் சொல்லமாட்டேன். ஆனால் ப்ளோ ரூம் தோழர்களே, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். கார்டிங் தோழர்களே, உங்களுக்கு ஒன்றும் இல்லை. சிம்ப்ளெக்ஸ், ஒரு குறையும் இல்லை. ஸ்பின்னிங், கவலைப்படாதீர்கள். பேக்கிங், உங்களுக்கும் இல்லை. எலெக்ட்ரிஷியன்களும் இல்லை. வாட்ச்மேன்களும் இல்லை!"

அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். மேடையில் எந்த இடத்தில் சும்மா நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணா," என்றாள் சாந்தாமணி. இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வைண்டிங் சொல்லலீங்களே."

"அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை!" என்றேன்.

பார்த்தீர்களா? ஒரு ரகசியமும் வெளியே போகவில்லை. எந்தெந்தப் பிரிவு இல்லை என்றுதான் சொன்னேன். இல்லாததைச் சொல்வது எப்படி ரகசியமாகும்? எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் நிற்பேன்.

அடுத்த நாள் காலை ஷிஃப்டுக்கு வைண்டிங் பெண்கள் வந்தார்கள். கார்டு பஞ்ச் பண்ணினார்கள். உள்ளே போனார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். கோஷம் இல்லை, கொடி இல்லை. ஒரு கோரிக்கைகூட எழுதித் தரவில்லை. மேனேஜர் போய் என்னம்மா வேண்டும் என்று கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சவங்களை வரச் சொல்லுங்க" என்றார்களாம். எனக்கு வருத்தம்தான். என்னைக் கேட்டிருந்தால் ஒரு நல்ல நோட்டீஸ் எழுதிக் கொடுத்திருப்பேன். போராட்டம் என்றால் ஒரு முறை இருக்கிறது. பழக்கமில்லாத பெண்கள், பாவம்.

சனிக்கிழமை சுகிர்தா வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு காகிதம். மயிலாத்தாள் காபி கொடுத்தாள். அந்தப் பெண் காபியைத் தொடாமல் முதல் காகிதத்தை நீட்டினாள்.

"உங்க கோரிக்கை அஞ்சையும் கம்பெனி ஏத்துக்கிச்சு சார்."

"அஞ்சுமா?"

"அஞ்சும். ஃபேன் நேத்து மாட்டியாச்சு. தாழ்ப்பாள் போட்டாச்சு."

முப்பத்தெட்டு வருஷம் தோழர். இருநூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸ். ஒன்றில்கூட முழுக் கோரிக்கையும் ஜெயித்ததில்லை. பாதி, கால், பேச்சுவார்த்தை, ஏமாற்றம், இதுதான் என் வாழ்க்கை. முதல் தடவையாக அஞ்சுக்கு அஞ்சு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அதனால," என்றாள் அந்தப் பெண், மெதுவாக, "கெடுவுக்குள்ள நிறைவேத்திட்டதால, உங்க ராஜினாமா நடக்கலை சார். நீங்க இன்னும் டைரக்டர்தான்."

நான் அவளைப் பார்த்தேன்.

"அதாவது," என்றாள், "புதன்கிழமை நீங்க கேட்ல பேசினது பதவியில இருக்கிற டைரக்டர் பேசினதா ஆகுது."

மயிலாத்தாள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தெட்டு வருசமா குடு குடுன்னு கேட்டீங்க. இன்னைக்குத்தான் குடுத்தாங்க. மூஞ்சியப் பாரு!"

பெண்களுக்கு அரசியல் புரியாது. விடுங்கள்.

இரண்டாவது காகிதம்தான் விஷம். சேர்மன் அனுப்பியது. அதில் நான் கையெழுத்துப் போட்டால், கேட்டில் பேசியதற்கு நடவடிக்கை கிடையாது. சால்வை போட்டு மரியாதையாக விலகிக்கொள்ளலாம். போடாவிட்டால் கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. பேனாவை எடுத்தேன். ஆமாம், எடுத்தேன், உங்களிடம் மறைப்பானேன். வயசு அறுபத்தெட்டு. கோர்ட்டுப் படி ஏறினால் முழங்கால் என்ன ஆகும்?

"படிச்சுட்டீங்களா?" என்றாள் மயிலாத்தாள். சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. நாலாவது கோரிக்கை! "தமிழ்ல கொடும்மா," என்றேன், "ஏத்துக்கிட்டீங்கல்ல?"

சுகிர்தா பையிலிருந்து எடுத்தாள். தயாராகவே கொண்டுவந்திருக்கிறாள், பாருங்கள். தமிழில் படித்தேன். 'கேட்டில் நான் பேசியது எந்தப் பிரிவையும் குறித்ததல்ல. எந்தப் பிரிவையும் மூடும் யோசனை இருப்பதாக எனக்குத் தெரியாது.'

இதை எடுத்துப்போய் வைண்டிங்கில் படிப்பார்கள். 'உங்கள் தலைவரே சொல்லிவிட்டார், எழுந்து வேலையைப் பாருங்கள்' என்பார்கள். அந்த நூற்று நாற்பது பேரும் எழுந்துவிடுவார்கள். எழுந்தால் அடுத்த மாதம் மெஷின் லாரியில்.

"இதுல கையெழுத்துப் போடணுமாம்மா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் காபி தம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கொண்டு போய்க் குடுன்னாங்க, கொண்டு வந்தேன் சார். பொய்யில கையெழுத்துப் போடச் சொல்லி நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பேனாவை மூடினேன். வக்கீல் வரட்டும் என்றேன். உண்மையைச் சொல்லக் கூடாது என்றால் சரி, வாயை மூடுகிறேன், அது சட்டம். பொய்யைச் சொல் என்றால், அது எந்தச் சட்டத்திலும் இல்லை. இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மயிலாத்தாள் அன்றைக்கு ராத்திரி ரசத்தோடு அப்பளம் பொரித்தாள். எனக்கு அப்பளம் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து பொரித்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை போர்டு மீட்டிங். நான் இன்னும் டைரக்டர் அல்லவா? போனேன். கார் வரவில்லை, பஸ்தான். பத்து மணிக்கு மீட்டிங். சேர்மன் வருவதற்கே பதினொன்றேகால் ஆனது. மில்லிலிருந்து நேராக வந்தாராம், வேட்டி ஓரமெல்லாம் பஞ்சு. உட்கார்ந்தார். நான் எழுந்தேன். அஞ்சாவது கோரிக்கை, முழுமையாகப் பதிவு. பேசினேன். ஒரு மணி நாற்பது நிமிஷம் தோழர்! சுகிர்தா எழுதிக்கொண்டே இருந்தாள், நடுவில் இரண்டு தடவை விரலை உதறினாள். என் பேச்சு சேர்மனை எப்படி உலுக்கியது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போன் அடிக்கிறது, எழுந்து போகிறார், வருகிறார், மறுபடி அடிக்கிறது. வெளியே நின்று யாரிடமோ, "கோன் நாளைக்கே லோடு ஆயிடும், ஆயிடும்" என்று கெஞ்சுகிறார். என் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. நான் முடித்து உட்கார்ந்ததும் ஒரே வார்த்தை சொன்னார்: "வைண்டிங்கை மூடற யோசனை கைவிடப்படுது. அடுத்த ஐட்டம்."

ஒரு மனிதனின் பேச்சுக்கு அப்படி ஒரு சக்தி!

பஸ் பிடித்து ஓடோடி கேட்டுக்கு வந்தேன், நானே சொல்ல வேண்டும் என்று. அங்கே எல்லோர் கையிலும் லட்டு. "எதுக்கும்மா லட்டு?" என்றேன். "வைண்டிங் நிக்குதுங்கண்ணா. சேர்மன் எழுதிக் குடுத்துட்டாருங்க" என்றாள் சாந்தாமணி. "எப்போ?" "காத்தால பத்து மணிக்குங்க. இங்கயே வந்து, எங்க முன்னால உட்கார்ந்து."

பத்து மணிக்கு! நான் பேச ஆரம்பித்ததே பதினொன்றேகாலுக்கு. போர்டில் முடிவாகாத விஷயம் அதற்குள் கேட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் ரகசியம் காப்பது என்பதே கிடையாது தோழர். நான் ஒருவன்தான் காத்தேன்.

லட்டு சாப்பிட்டேனா? பாதி. சர்க்கரை.

கிணத்துக்கடவு தாண்டிவிட்டோமா? சரி. இனிமேல் கொஞ்சம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீஸில் கமிட்டி கூட்டம். என்னையும் சேர்த்து ஏழு பேர். இப்போதெல்லாம் கமிட்டியில் நாலு பேர் வைண்டிங் பெண்கள். கதவைச் சாத்தினார்கள். பாராட்டு விழாவைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று நினைத்தேன். மாலை எல்லாம் வேண்டாம் என்று சொல்வதற்கு இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

சாந்தாமணிதான் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவள் தரையைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

"அண்ணா, போர்டு நாற்காலிக்கு ஆள் மாத்தலாம்னு இருக்கறமுங்க."

"யாரை?"

"என்னைத்தானுங்க."

"உனக்கு அங்கே பேசத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். கோபத்தில் இல்லை. நிஜமாகத்தான் கேட்டேன்.

"பேசறதுக்கு ஆள் வேண்டாமுங்கண்ணா. பேசறதுக்கு அங்க எல்லாரும் இருக்கறாங்க. என்ன படிக்கிறாங்கன்னு உட்கார்ந்து கேட்கறதுக்கு ஒரு ஆள் வேணுமுங்க. அந்த மூடற காகிதம் ஆவணியிலயே வந்துச்சுங்களே. நீங்க புரட்டாசி வரைக்கும் கடிதாசியில ஃபேனும் தாழ்ப்பாளும் எழுதிட்டு இருந்தீங்க. அந்த ஒரு மாசத்துல ஒரு மெஷின் ஏத்தியிருந்தா என்னங்க பண்ணியிருப்போம்?"

சட்டம் என்றேன். ரகசியம் என்றேன். மற்ற ஆறு பேரில் ஒருவரும் என்னை மறுத்துப் பேசவில்லை. அது இன்னும் மோசம். கை தூக்கச் சொன்னார்கள். நான் என் கையைத் தூக்கினேன், எனக்காக. வேறு கை எதுவும் என் கண்ணில் படவில்லை.

அப்புறம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாங்க எடுத்தோம்னு யாருக்கும் தெரிய வேண்டாமுங்கண்ணா. நீங்களா விலகினதா இருக்கட்டும். இந்த ரூமை விட்டு வெளிய போகாது. சத்தியமுங்க."

இன்றைக்கு மத்தியானம் போய்க் கொடுத்தேன். ஒரே வரி. சுகிர்தா வாங்கிப் படித்தாள். "காரணம் எழுதணும்னா எழுதலாம் சார். இப்போ ரகசியம் எதுவும் இல்ல. முழுசாவே சொல்லலாம். பதிவாளருக்கு, பேப்பருக்கு, யாருக்கு வேணும்னாலும். இந்தத் தடவை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

பேனாவை வாங்கினேன். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். கடிகாரத்தை அவளே வெளி வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்தாள்.

மில் கேட்டில் நான் இறங்கப் போவதில்லை. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வருவேன். காற்றாட நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாலு நாள் ஆகிறது தோழர். டீக்கடையில், தண்ணீர் லைனில், ரேஷன் கடையில் எல்லாம் காது வைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு பேச்சு இல்லை. அந்த ஆறு பேரும் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. ஒருத்தியாவது புருஷனிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நேற்று ரேஷன் கடையில் எவனோ, "ஆறுச்சாமியண்ணன் ஏன் விலகறாரு?" என்று கேட்டானாம். "அவருக்கு ஆயிரம் ஜோலி இருக்கும், உனக்கென்ன?" என்று சாந்தாமணி அவன் மேல் பாய்ந்தாளாம்.

மயிலாத்தாளுக்கே தெரியாது. ஏன் விலகறீங்க என்று கேட்டாள், களைப்பு என்றேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அவளிடம் மறைத்தது இது ஒன்றுதான்.

ஏழு பேருக்கு வெளியே இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லையே? தென்காசியா? நல்லது. நல்ல தூரம்தான்.